ஆத்தங்குடிக் கல் பட்டறையின் வெப்சைட்டைப் பிரித்துக் கட்டியது

காரைக்குடியில் இருந்துகொண்டு வெப் டிசைன் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இந்தச் சுற்றுவட்டாரம்தான். பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியவர்கள், கண்டாங்கிச் சேலை விற்பவர்கள், பலகாரம் சுட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்கள். இவர்களில் ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் பூப் போட்ட தரைக்கல்) போடும் ஒரு பட்டறைக்கு, இருந்த வெப்சைட்டைப் பிரித்து மறுபடி கட்டிக் கொடுத்த வேலையை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். "என்ன மாதிரி சைட் வேணும்" என்று கேட்பதற்கு முன்னால் அவர்களுடைய போனுக்குப் பக்கத்தில் போய் உட்காருவது என்ற பழக்கம் இந்த வேலையில்தான் உறுதிப்பட்டது. அதற்கப்புறம் எந்த வாடிக்கையாளரிடமும் அதை விட்டதில்லை.

முதலில் பழைய சைட் எந்த நிலையில் இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். திறந்தவுடன் ஒரு ஃப்ளாஷ் அனிமேஷன் வர வேண்டும், கல்லில் பூ ஒவ்வொரு நிறமாக நிறைவது போலச் செய்திருந்தார்களாம். ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு முடித்துவிட்டது, 2021 ஜனவரி 12-லிருந்து அந்த பிளேயர் எதையும் ஓட விடுவதே இல்லை. அதனால் முகப்புப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டிதான் மிஞ்சியிருந்தது. "உள்ளே செல்ல" என்கிற பட்டனும் அந்த அனிமேஷனுக்குள்ளேயே இருந்ததால் யாராலும் உள்ளே போக முடியாது. பட்டறை உரிமையாளருக்கு (அண்ணன் என்றே எழுதுகிறேன், பெயர் வேண்டாம்) இது தெரியும், ஆனால் இன்டர்நெட் கோளாறு என்றே நினைத்திருந்தார். உள்பக்கங்களின் முகவரியை நேராக அடித்துப் போனால் தமிழ் எழுத்தெல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத போனில் 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாகத் தெரியும். கூகுளுக்கும் அப்படித்தான் தெரியும். ஆத்தங்குடி என்று தமிழில் தேடுகிறவருக்கு இந்த சைட் எந்தக் காலத்திலும் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பே இல்லை. இதெல்லாம் போக, பாதுகாப்புச் சான்றிதழ் கிடையாது. 2018 ஜூலையில் வந்த குரோம் 68-லிருந்து இப்படிப்பட்ட சைட்டுகளின் முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று போட்டுவிடுகிறார்கள். அட்வான்ஸ் அனுப்பப் போகிறவர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

டிசைனைத் தொடுவதற்கு முன்னால் டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தேன். எந்த ரிப்பேர் வேலைக்கும் இதுதான் முதல் படி, இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அண்ணன் பெயரில் இல்லை. முன்பு சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலும் தன் இமெயிலிலும் பதிவு செய்திருந்தார், ஊர் மாறிப் போய்விட்டார், வருஷா வருஷம் அவர் கட்டிக்கொண்டிருந்தார், அண்ணன் அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், நான் பேசியதும் லாக்கை எடுத்துவிட்டு மாற்றுவதற்கான குறியீட்டை அனுப்பிவிட்டார். ஆனால் அவர் போன் தொலைந்திருந்தாலோ, அந்த இமெயில் முடங்கியிருந்தாலோ, பட்டறையின் பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த பெயர் கைவிட்டுப் போயிருக்கும். இந்தப் பக்கத்தில் நான் பார்க்கும் சிறு தொழில்களில் நிறைய இடங்களில் இதே கதைதான், பெரும்பாலும் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, ஓடிபி கேட்டு வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று நினைத்துச் செய்வதுதான். தொந்தரவு செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அண்ணனை உட்காரவைத்து, அவர் இமெயில், அவர் மொபைல் எண், அவர் கார்டு, எல்லாம் அவர் கையாலேயே அடிக்கச் சொல்லி மாற்றினோம். டாட் இன் முகவரியை ஒரே தடவையில் பத்து வருஷம் வரைக்கும் பதிவு செய்துகொள்ளலாம், அவர் ஐந்துக்குக் கட்டினார்.

அப்புறம்தான் பட்டறையில் உட்கார்ந்தேன். நுழைந்ததும் வலது பக்கம் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு போன். அழைப்புகளை அண்ணன் எடுப்பார், வாட்ஸ்அப் அண்ணியின் பொறுப்பு. நான் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு கேள்வியையும் எழுதி, திரும்ப அதே கேள்வி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். அண்ணன் என்னிடம் கேட்டிருந்தது என்னவென்றால், பெரிய ஸ்லைடர் (தானாக நகரும் படவரிசை), நாதஸ்வர இசை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண், அப்புறம் பட்டறையின் வரலாறு. சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய மச்சான் மகன் அனுப்பிய சில வெளிநாட்டு கம்பெனி சைட்டுகளும் கையில் இருந்தன. ஆனால் போனில் அழைத்த ஒருவர்கூட பட்டறையின் வரலாற்றைக் கேட்கவில்லை. ஸ்கொயர் ஃபீட் என்ன விலை, எப்போது கிடைக்கும், பெங்களூருக்கு அனுப்புவீர்களா, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, எங்கள் ஊர்க் கொத்தனாருக்குப் பதிக்கத் தெரியுமா, போட்டபிறகு வழுக்குமா, எதைப் போட்டுத் துடைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது வேறு ஒன்று.

"பன்னெண்டுக்குப் பதினாலு ரூமுங்க, எத்தனை கல்லு வேணும்?"

"எட்டு இஞ்சா, பத்து இஞ்சாங்க?"

"எது நல்லாருக்கும்?"

"பார்டர் போடுறீங்களா?"

"பார்டர்னா?"

இப்படி ஆரம்பித்தால் ஒரு அழைப்பு இருபது நிமிஷம் போகும். இடையில் அண்ணன் காகிதத்தில் பெருக்கிக் கழித்துக்கொண்டே இருப்பார், அந்த நேரத்தில் வந்த இன்னொரு அழைப்பு தவறிப் போகும், மறுநாள் அதே ஆள் அழைத்து ரூம் பதினாலு இல்லை பதினாலரை என்பார். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதே சைட்டின் நடுப்பகுதி எதுவாக இருக்க வேண்டும் என்று எனக்கு முடிவாகிவிட்டது. கல் கணக்கு. ஸ்லைடர் இருக்க வேண்டிய இடத்தில் அது.

இந்தக் கணக்கை வெறும் பரப்பளவாகப் போட்டால் தப்பாகும், பெரும்பாலான டைல்ஸ் சைட்டுகளில் இருக்கும் கால்குலேட்டர் அப்படித்தான் போடுகிறது. எட்டு இஞ்ச் கல் என்றால் ஒரு சதுர அடிக்கு 2.25 கல், பத்து இஞ்ச் என்றால் 1.44. 12-க்கு 14 அறை 168 சதுர அடி, எட்டு இஞ்சில் 378 கல், பத்து இஞ்சில் 242 கல் என்று விடை சொல்லிவிட்டுப் போய்விடும். எட்டு இஞ்சுக்கு இந்த அறை அழகாகப் பொருந்துகிறது, 144 இஞ்சில் 18 வரிசை, 168 இஞ்சில் 21 வரிசை, மிச்சமே இல்லை. ஆனால் 378-ம் ஒரே கல் இல்லை. சுற்றிலும் ஒரு வரிசை பார்டர் என்றால், மூலைக்கல் 4, பார்டர் கல் 70, நடுவில் பூக்கல் 304. மூன்றுக்கும் அச்சு வேறு. மூலைக்கல் நாலு குறைந்தால் வேலை அப்படியே நிற்கும், நாலு கல்லுக்காக மறுபடி நிறம் கலக்க வேண்டும், கையால் கலப்பதால் அந்த நிறம் முதல் தடவை மாதிரியே அச்சாக வந்துவிடும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

பத்து இஞ்சுக்கு இன்னும் சிக்கல். 144-ல் 14 கல் போக 4 இஞ்ச் மிச்சம், 168-ல் 16 கல் போக 8 இஞ்ச் மிச்சம். இந்த மிச்சத்தை என்ன செய்வது என்று நான் கேட்டது அண்ணனிடம் இல்லை, கல் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம். அவர் தலையை நிமிர்த்தாமலே, "பூ செவுத்துல போய் முட்டக் கூடாது தம்பி" என்றார். அதாவது பூவை வெட்டக் கூடாது. முழுக்கல்லை அறையின் நடுவில் நிறுத்தி, மிச்சத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து, சுவர் ஓரமாக ஒற்றை நிறக் கல்லை வெட்டிப் பதிக்க வேண்டும். அந்தப் பட்டை மூன்று இஞ்சுக்குக் கீழே போனால் வெட்டும்போது உடையும், அதனால் ஒரு வரிசையைக் குறைத்துவிட்டுப் பட்டையை அகலமாக்கிக்கொள்வார்களாம். அப்படிப் பார்த்தால் 14 வரிசை 13 ஆகிறது, பக்கத்துக்கு 7 இஞ்ச் பட்டை, இன்னொரு திசையில் 16 வரிசை, பக்கத்துக்கு 4 இஞ்ச். மொத்தம் 208 முழுக்கல், அதில் மூலை 4, பார்டர் 50, பூ 154, அதற்கு மேல் ஓரத்துக்கு ஒற்றை நிறக் கல் தனி. 242 என்று சொன்ன கணக்குக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். முதல் கணக்கை நம்பி ஆர்டர் போட்டவர் வீட்டில் பூக்கல் குவிந்து கிடக்கும், ஓரக்கல் இருக்காது.

புரோகிராமாக எழுதும்போது இது பெரிய வேலையே இல்லை. அடியையும் இஞ்சையும் தனித்தனிப் பெட்டியில் வாங்கி எல்லாவற்றையும் இஞ்சுக்கு மாற்றி, கல் அளவால் வகுத்து, மிச்சத்தைப் பாதியாக்கி, மூன்றுக்குக் குறைவாக இருந்தால் ஒரு வரிசை கழித்து மறுபடி. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு திரைக்குள் அடங்கிவிடும். உடைசலுக்கு உபரி சேர்ப்பதில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கு ஐந்து என்று அண்ணன் வைத்திருந்தார், அதை மொத்தத்தின் மேல் போட்டால் 378-க்கு 19 வரும், ஆனால் அதில் மூலைக்கல் எத்தனை என்று தெரியாது. வகைவகையாகப் போட்டு மேல்நோக்கி முழுமையாக்கினால் பூ 16, பார்டர் 4, மூலை 1, மொத்தம் 21 உபரி, ஆக 399. இரண்டு கல் அதிகம், ஆனால் மூலைக்கு ஒன்று கையிருப்பு உண்டு. அளவைக் கொடுத்ததும் அறையின் படம் மேலிருந்து பார்ப்பது போல வரைந்து காட்டுகிறது, பார்டர் எங்கே வரும், ஓரப்பட்டை எவ்வளவு அகலம் என்று. போனில் "பார்டர்னா?" என்று கேட்டவருக்கு அந்தப் படமே பதில்.

அடுத்து படங்கள். இதில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது, எவ்வளவு செலவழித்தாலும் தகும் என்றும் தோன்றியது. பழைய சைட்டில் போனில் எடுத்த 4000-க்கு 3000 பிக்சல் படங்களை அப்படியே ஏற்றி, கட்டைவிரல் அளவில் காட்டியிருந்தார்கள், பக்கம் திறக்கவே திணறும். அதைச் சரி செய்வது சுலபம், ஒவ்வொரு படத்தையும் 400, 800, 1600 அகலங்களில் வெப்பி என்கிற எடை குறைந்த பட வடிவத்தில் வைத்து, போனுக்கு ஏற்றதை அதுவே எடுத்துக்கொள்ளும்படி செய்தால் போதும், திரைக்குக் கீழே இருப்பதைத் தாமதமாக ஏற்றலாம். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

ஆத்தங்குடிக் கல் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் அது புரியும். அடியில் ஒரு கண்ணாடி, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் அறை அறையாகப் பிரித்த அச்சு. ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், சிமென்ட்டும் ஆக்சைடு நிறமும் கலந்த குழம்பு. அச்சை மெதுவாகத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், மேலே உலர்ந்த மணல் சிமென்ட் தூவி, அதன் மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் செய்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, உலர்த்துகிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடி பிரியும்போது அந்தப் பக்கம் மினுமினுவென்று இருக்கும், மெருகு கண்ணாடியிலிருந்து வருவது. கைநடுக்கமும் குழம்பின் பதமும் ஒவ்வொரு கல்லிலும் கொஞ்சம் தெரியும், கோடு ஒரு மயிரிழை விலகியிருக்கும். இதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இந்தக் கல்லை வெயிலில் வைத்துப் படமெடுத்தால் வானம் அதில் தெரியும், நிறம் வெளுத்துப் போகும். டியூப்லைட்டில் எடுத்தால் சிவப்பு பழுப்பாகிவிடும். பட்டறைக் கொட்டகையின் வடக்கு ஓரத்தில் காலை வெளிச்சம் நேராக விழாத ஒரு இடம் இருந்தது, அங்கே தரையில் கல்லை வைத்து, நேர் மேலே இருந்து, பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையையும் வைத்து எடுத்தேன், பிறகு அந்த அட்டையை வைத்து நிறத்தைச் சரிப்படுத்தினேன். அதற்கப்புறமும் என் லேப்டாப் திரையில் ஒரு சிவப்பு, அண்ணியின் போனில் வேறு சிவப்பு. இதற்கு டிசைனரால் முழுத் தீர்வு தர முடியாது, தர முடியும் என்று வாடிக்கையாளரை நம்பவைப்பதும் நியாயம் இல்லை. ஒவ்வொரு டிசைன் பக்கத்திலும் "நிறம் திரைக்குத் திரை மாறும், ஆர்டருக்கு முன் மாதிரிக் கல் கேட்டு வாங்கிப் பாருங்கள்" என்று நல்ல பெரிய எழுத்தில் போட்டோம். அண்ணன் முதலில் தயங்கினார், வருகிற ஆளை நாமே பயமுறுத்துவது மாதிரி இருக்கிறதே என்றார். மாதிரிக் கல்லைப் பார்க்காமல் வாங்கிவிட்டுச் சண்டைக்கு வருகிற ஆளைவிட இது மேல் என்று அண்ணிதான் முடித்துவைத்தார்.

இன்னொன்று, பல டிசைன்களில் ஒற்றைக் கல்லில் பூவின் கால்வாசிதான் இருக்கும். நாலு கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தால்தான் முழுப் பூ. ஒற்றைக் கல்லின் படத்தைப் பார்த்துவிட்டு "பூப் போட்டது இல்லையா" என்று கேட்டவர்களை நானே போனில் கேட்டிருக்கிறேன். அதனால் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) நாலு கட்டம் போட்டு, கல்லை 0, 90, 180, 270 டிகிரி என்று சுழற்றி முழுத்தரையாகப் பரப்பிக் காட்டினேன். ஒரே படத்தை நாலு தடவை சுழற்றினால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மெஷினில் அச்சடித்த டைல்ஸ் மாதிரி இருந்தது, அந்த மயிரிழை விலகல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு டிசைனுக்கும் வெவ்வேறு நாலு கல்லை எடுத்துத் தனித்தனியாகப் படமெடுத்து, கலைத்துப் போட்டேன். படங்கள் நாலு மடங்கானது, வேலையும் நாலு மடங்கானது. அதைத் திரையில் பார்த்ததும் கல் ஊற்றும் பெரியவர் இது என் கல், அது இன்னொருத்தர் கல் என்று விரல் வைத்துப் பிரித்துச் சொன்னார். அதோடு இந்தப் பகுதியில் இனி கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பாமினி எழுத்தை, எல்லா போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுவது அலுப்பான வேலை, ஆனால் கவனம் வேண்டும். பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தை அடுத்து அடிப்பார்கள், யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். 'கொ' மாதிரி எழுத்துகளில் கொம்பும் காலும் இரண்டு துண்டாக வரும், அதை ஒரே குறியீடாகச் சேர்க்காமல் விட்டால் பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் சைட்டுக்குள் தேடும்போது கிடைக்காது. மாற்றி முடித்ததும் எல்லா எழுத்தையும் ஒருமுறை என்எஃப்சி என்கிற, துண்டுகளைச் சேர்த்துவைக்கும் யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், வரிகளுக்கு நடுவே தாராளமாக 1.7 இடைவெளி. ஆங்கில சைட்டுகளைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டுவது தமிழுக்குக் கொஞ்சமும் ஒத்துவராது, சொல் சிதறிப் போகும். பட்டனில் 'தொடர்புகொள்ளவும்' என்று எழுதினால் சின்ன போனில் இரண்டாக மடங்குகிறது, 'விலை கேட்க' என்றால் போதும், போனில் பேசுகிறவர்களும் அப்படித்தானே பேசுகிறார்கள். ஆங்கிலப் பக்கத்தைத் தனியாக எழுதினோம். சென்னை, பெங்களூர் ஆர்க்கிடெக்டுகள் கேட்கிற கேள்வி வேறு, கனம் எவ்வளவு, எடை எவ்வளவு, வெளிப்புறத்தில் போடலாமா என்று போகும். உள்ளூரில் வீடு கட்டுகிறவர் கேட்பது துடைக்கிற விஷயத்தை, தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் நாளாக ஆக மெருகு ஏறும் என்பதை. இரண்டையும் ஒரே பக்கத்தில் குழப்பவில்லை.

ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். கூடை, செக்அவுட், ஆன்லைன் பேமென்ட் எதுவும் வைக்கவில்லை, கல் ஊற்றி, ஊறி, உலர்ந்து, லாரியில் குத்துவாக்கில் அடுக்கி ஏறும் வரைக்கும் நாள் பிடிக்கும் ஒரு பொருளுக்கு "இப்போதே வாங்கு" என்ற பட்டன் பொய் சொல்வது போல ஆகிவிடும். கணக்கு முடிந்ததும் "அண்ணனுக்கு அனுப்பு" என்று ஒரு பட்டன், அதைத் தொட்டால் டிசைன் எண், அறை அளவு, பூக்கல், பார்டர், மூலை, ஓரக்கல் எல்லாம் ஏற்கெனவே அடித்துவைத்த செய்தியாக வாட்ஸ்அப் திறக்கும். செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: தமிழை இந்த இணைப்பில் வைக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட், சதவீதக் குறியோடு எழுதினால் ஒன்பது எழுத்து. செய்தி நீண்டால் முகவரி மளமளவென்று வளர்ந்துவிடும், அதனால் சுருக்கமாகவே வைத்தேன். இப்போது அண்ணிக்கு வரும் செய்திகளில் முதல் வரியிலேயே அளவு இருக்கிறது. அழைப்புகள் குறைந்ததா என்று கேட்டேன், "கூப்புடுறது கூப்புடுறாக, ஆனா சட்டுனு முடிஞ்சுபோகுது" என்றார்.

சைட்டின் உள்கட்டமைப்பை முடிந்த அளவு எளிமையாக வைத்தேன், வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்கள், டேட்டாபேஸ் கிடையாது, பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) கிடையாது. நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அது ஓட வேண்டும், பிஎச்பி பதிப்பு மாறியது, பிளகின் காலாவதியானது என்று இரண்டு வருஷத்தில் படுத்துவிடக் கூடாது. டிசைன் பட்டியல் ஒரு கூகுள் ஷீட்டில், ஒரு வரிசைக்கு ஒரு டிசைன், எண், அளவு, நிறங்கள், இப்போது போடுகிறோமா இல்லையா. அண்ணி போனிலேயே திறந்து 'ஆம்' என்பதை 'இல்லை' என்று மாற்றினால், இரவில் சைட் தானாக அதைப் படித்துப் பக்கங்களை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். ஷீட்டில் ஏதாவது தப்பாகி வரிசைகளே காணாமல் போனால் முந்தின நாள் பக்கங்கள் அப்படியே நிற்கும், பாதி சைட் காலியாகாது. பாதுகாப்புச் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் என்கிற அமைப்பிடமிருந்து இலவசம், கொஞ்ச நாளைக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும், அது தானாக நடக்கும்படி செய்தாயிற்று.

அண்ணன் கேட்டவற்றில் நாதஸ்வரத்தை விட்டுவிடச் சம்மதித்தார், பேருந்தில் உட்கார்ந்து ஒருவர் சைட்டைத் திறக்கும்போது திடீரென்று சத்தம் வந்தால் அவர் மூடிவிடுவார் என்று சொன்னதும் புரிந்தது. பார்வையாளர் எண்ணிக்கையும் போயிற்று. பட்டறை வரலாறு இருக்கிறது, கடைசிப் பக்கத்தில், அவருடைய அப்பா பழைய அச்சுகளோடு நிற்கும் படத்தோடு. அதை எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சொல்லவும் கூடாது. வாங்க வருகிறவர் கேட்கவில்லை என்பதற்காக அது அவருக்கு முக்கியம் இல்லாமல் போகாது. மச்சான் மகன் வீடியோ அழைப்பில் வந்து, இது போதுமான அளவுக்குப் பிரம்மாண்டமாக இல்லையே என்றார். அவர் வீட்டு பால்கனி அளவைக் கொடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆறுக்கு ஒன்பது அடி. எட்டு இஞ்சில் ஒரு திசையில் 9 வரிசை, இன்னொரு திசையில் 13 வரிசை போக நாலு இஞ்ச் மிச்சம், பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் பட்டை வெட்டினால் உடையும் என்பதால் அது 12 வரிசையாக மாறி ஆறு ஆறு இஞ்ச் பட்டை காட்டியது. ஏன் இப்படி மாறியது என்று கேட்டார், கொட்டகையில் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். அதற்கப்புறம் பேச்சு சைட்டைப் பற்றி இல்லாமல் அவருடைய பால்கனியைப் பற்றியே போனது.

பண விஷயத்தில் நான் வைத்திருக்கும் முறை எளிது. ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதிக் கொடுப்பேன், என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன், எத்தனை முறை திருத்தம், படங்கள் யார் பொறுப்பு, 18 சதவீத ஜிஎஸ்டி தனி. பாதி முன்னால், பாதி ஒப்படைக்கும்போது. போனுக்குப் பக்கத்தில் உட்காரும் நேரத்துக்கும் காசு வாங்குகிறேன், அதையும் தாளில் எழுதிவிடுகிறேன், வெறும் பேச்சுக்குக் காசா என்று கேட்பவர்களிடம் இதுதான் வேலையின் முதல் பாதி என்று சொல்கிறேன். ஒப்படைக்கும்போது பட்டறைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் டொமைன் எங்கே, ஹோஸ்டிங் எங்கே, எந்தத் தேதியில் எது முடியும், யாருடைய எண்ணுக்கு ஓடிபி வரும் என்று அண்ணனின் கையெழுத்திலேயே எழுதவைத்தேன். பாஸ்வேர்டை மட்டும் நோட்டில் எழுத வேண்டாம் என்றேன்.

இப்போது மிச்சம் இருப்பது வளவுக் கணக்கு. இந்தக் கால்குலேட்டர் நாலு மூலை அறைக்கு மட்டும்தான். செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் கொண்டுவருவது முகப்பும் பட்டாலையும் வளவும். வளவு என்றால் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தூண் வரிசை, பார்டர் ஒவ்வொரு தூணையும் ஒட்டித் திரும்ப வேண்டும், உள்மூலை ஒரு மாதிரி, வெளிமூலை வேறு மாதிரி. இதற்கு அண்ணன் இன்னும் கிராஃப் தாளில்தான் கட்டம் கட்டமாக வரைகிறார், அந்தத் தாள்களில் சிலவற்றை வாங்கிப் படமெடுத்து வைத்திருக்கிறேன். நடுவில் ஓட்டை இருக்கும் செவ்வகம், எல் வடிவம், இரண்டையும் முதலில் புரோகிராமில் கொண்டுவந்துவிட்டுத் தூண்களை அப்புறம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். தூணின் அடிக்கல் அகலம் வீட்டுக்கு வீடு மாறுகிறது, அதை உபயோகிப்பவரிடமே கேட்டு வாங்க வேண்டும், எப்படிக் கேட்டால் சரியாக அளந்து சொல்வார்கள் என்பதுதான் இப்போது யோசனை. அடுத்த வாரம் கானாடுகாத்தானில் ஒரு வளவை அளக்கப் போகிறார்கள், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நானும் வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.